ஜான் ஹவ்லண்டின் கொடிவழியைத் தேடுவது: கேள்வி பதில்

1620-ஆம் ஆண்டு மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா சென்று பிளிமத்தில் குடியேறியவர் ஜான் ஹவ்லண்ட். அவருடைய வம்சாவளி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், ஆளுநர் கார்வரின் பேத்தி என்று ஒரு பழைய குடும்ப வரலாற்றில் படித்தேன். அது சரியா?

பதில்: சரியன்று. ஹவ்லண்ட், கார்வரின் பணியாளராகக் கப்பலேறியவர். அதனால் அவ்வீட்டுப் பெண்ணையே மணந்தார் என்ற கதை நெடுங்காலம் நம்பப்பட்டது. குடியேற்றத்தின் ஆளுநராகப் பின்னர் பொறுப்பேற்ற வில்லியம் பிராட்ஃபோர்டு, கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பிற்பாடு என்ன நேர்ந்தது என்பதைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். ஆனால் அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமற்போன அந்தச் சுவடி, லண்டன் பேராயருக்குரிய ஃபுல்ஹம் மாளிகையின் நூலகத்தில் இருப்பது 1855-இல்தான் தெரிய வந்தது. அடுத்த ஆண்டு அது அச்சேறியபோது, ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்பதும், அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் என்பதும் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயின. எலிசபெத் 1607-இல் பெட்ஃபோர்டுஷயரின் ஹென்லோ ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர். பிளிமத்தின் முதல் குளிர்காலத்திலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர். கார்வரின் பேத்தி என்ற பெருமைக்காக அந்தப் பெற்றோரின் பெயர் மறைந்து போயிருந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நீங்கள் படித்த நூல் 1856-க்கு முந்தையதா என்று பாருங்கள். பிந்தையதாயின், அதன் ஆசிரியர் பழைய நூல்களை அப்படியே பெயர்த்தெழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, எங்கள் மருமகனின் குடும்பப் பெயர் ஹவ்லண்ட். அவரை மேஃப்ளவர் வழிவந்தவர் என்று சொல்லலாமா?

பதில்: பெயரை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஜானின் சகோதரர்களான ஆர்தரும் ஹென்றியும் பிற்பாடு வேறு கப்பல்களில் வந்து பிளிமத் குடியேற்றத்தில் வாழ்ந்தார்கள். அவர்கள் சந்ததியினருக்கும் அதே பெயர்தான். மூவரும் ஒரே தந்தையின் மக்களாதலால், தந்தைவழியாக இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனையும் இவர்களுள் யாருடைய கிளை என்று பிரித்துக் காட்டாது. மறுபுறம், ஜானின் மூத்த மகள் டிசையர் கோரம் குடும்பத்திலும், மற்றொரு மகள் ஹோப் சிப்மன் குடும்பத்திலும் மணம் புரிந்தார்கள். ஆகவே ஹவ்லண்ட் என்ற பெயரே இல்லாத பல்லாயிரம் பேர் ஜானின் வழித்தோன்றல்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரு புஷ் அதிபர்களும் அத்தகையோரே.

கேள்வி: எந்த முனையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்?

பதில்: இன்றைய தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒவ்வொருவரும் இன்னாருடைய பிள்ளை என்பதற்கு அக்காலத்து ஆவணம் ஒன்றாவது இருக்க வேண்டும். 1850 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அடிமைகளாயிராத எல்லோருடைய பெயரும் பதிவாகியிருக்கிறது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880 முதல் உண்டு. 1850-க்கு முன்போ தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மாசசூசெட்ஸில் பிறப்பு இறப்புகளை மாநில அளவில் பதியும் முறை 1841-இல் வந்தது. அதற்கு முந்தியவற்றை ஊர்ப் பதிவேடுகளில் தேட வேண்டும். தொடக்கக் காலத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஜானின் 1672-ஆம் ஆண்டு உயிலும் எலிசபெத்தின் 1686-ஆம் ஆண்டு உயிலும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மேஃப்ளவர் வழித்தோன்றல்களின் சங்கம் முதல் சில தலைமுறைகளை ஆவணச் சான்றுகளோடு நூல்களாகவே வெளியிட்டிருக்கிறது. உண்மையான இடர், புரட்சிக்கும் 1850-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இருக்கிறது. நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் மேற்கே நியூயார்க், ஒஹையோ என்று இடம்பெயர்ந்த அந்நாளில், மகன் தந்தையின் நிலப் பங்கை விற்ற பத்திரமோ சொத்துப் பிரிவினைத் தாளோதான் பல சமயங்களில் இரு ஊர்களையும் இணைக்கும் ஒரே சான்றாக அமைகிறது.

கேள்வி: ஜான் இறந்த ஆண்டு ஒரு நூலில் 1672 என்றும் மற்றொன்றில் 1673 என்றும் உள்ளதே?

பதில்: இரண்டும் ஒரே நாளையே குறிக்கின்றன. 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அவர் பிப்ரவரி 23-இல் இறந்தார். பழைய கணக்கில் அது 1672, இன்றைய கணக்கில் 1673. உங்கள் குறிப்பேட்டில் 1672/73 என்று இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.