மலையகப் பிள்ளைகளும் பல்கலைக்கழக அனுமதியும்: கேள்வி பதில்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சேர், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டே மருத்துவ இடம் கொடுக்கிறார்களாம். நமக்கு அப்படி ஏதும் உண்டா? (மஸ்கெலியா மாணவி)

அங்கே உள்ளது 2020இல் வந்த சட்டம், மகள். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு 7.5 வீத மருத்துவ இடங்கள். அடுத்த ஆண்டே பொறியியல், விவசாயம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை நீட்டினார்கள்.

இங்கே இலங்கையில் பாடசாலையைப் பார்த்து இடம் தருவதில்லை, மாவட்டத்தைப் பார்த்துத்தான். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த மானியங்கள் ஆணைக்குழுதான் அனுமதியை நடத்துகிறது. கலைப்பிரிவுக்குப் பொதுவாக அகில இலங்கைத் திறமை வரிசை மட்டுமே. மற்றப் படிப்புகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

அந்த 5 வீதம் தோட்டப் பிள்ளைகளுக்கு என்று எங்கள் சங்கத் தலைவர் சொன்னாரே? (பண்டாரவளை, ஒரு தகப்பன்)

தலைவர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார், ஐயா. ஆனால் அது மாவட்டத்துக்கானது. பின்தங்கிய 16 மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி எல்லாம் வருகின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை வருவதில்லை. புசல்லாவைப் பக்கம் ஒரே மலையில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். இருவர் வீடும் லயம், இருவர் அம்மாவும் கொழுந்து எடுப்பவர். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்டி, அந்தப் பக்கம் நுவரெலியா. ஒருத்திக்கு அந்த 5 வீதம் உண்டு, மற்றவளுக்கு இல்லை.

நுவரெலியாவுக்குள்ளேயும் விஷயம் நேராக இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி அங்கே பாதிக்கு மேல் நம்மவர்கள். ஆனால் மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, நகரத்தில் டியூஷன் போகும் பிள்ளைக்கும், பஸ்ஸே போகாத தோட்ட டிவிஷன் பிள்ளைக்கும் ஒன்றுதான். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, இரசாயன ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கிறது என்றால் பிள்ளை கலைப்பிரிவுக்குத்தான் போகும். கலைப்பிரிவில் மாவட்ட ஒதுக்கீடே இல்லை என்று மேலே சொன்னேனே! எந்தப் பிரிவில் சலுகை இருக்கிறதோ, அந்தப் பிரிவே நம் பாடசாலைகள் பலவற்றில் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். வீதத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் தமிழ்மொழி விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்க வேண்டும்.

மலையக மக்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர முடியாதா அண்ணே? (கொட்டகலை)

இந்திய அரசியலமைப்பில் 15(4) என்று ஒரு பிரிவு இருக்கிறது, தம்பி. சமூக ரீதியாகவும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 1951இல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். நமது அரசியலமைப்பின் 12(4) பெண்கள், சிறுவர், அங்கவீனர் என்ற மூன்று தரப்பைத்தான் சொல்கிறது. பின்தங்கிய சமூகம் என்ற பேச்சே அதில் இல்லை. அதனால் இனத்தின் பேரில் ஒதுக்கீடு கேட்டால் வழக்கு என்று வந்துவிடும். பாடசாலையின் வசதிக் குறைவை அளவுகோலாக வைத்துக் கேட்பது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். மாவட்டத்துக்குப் பின்தங்கிய பட்டியல் போட்டவர்களுக்குப் பாடசாலைக்கும் போட முடியும்தானே.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறதே, பதுளைப் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டா?

இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் கணக்கில் வராது. அங்கே ஆங்கிலத்தில்தான் படிப்பு, அதையும் யோசித்து விருப்ப வரிசையில் போடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி இருக்கிறது. மகளுக்குப் பிரச்சினை வருமா சேர்? (லிந்துலை, ஒரு தாய்)

வரலாம், அக்கா. நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. பதிந்தவர் சிங்களத்தில் காதில் விழுந்தபடி எழுத, ‘பெருமாள்’ ‘பெரமால்’ ஆகிவிடும். பாடசாலைப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்குங்கள். பழைய சான்றிதழின் பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மகாபொல புலமைப்பரிசில் கிடைக்குமா?

1981இன் 66ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நிதியம் அது. திறமைக்கும் தருகிறார்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்தும் தருகிறார்கள். பெற்றோர் இருவரும் தோட்டத்தில் வேலை என்றால் சம்பள உறுதிக் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கிளார்க் லீவு, துரை இல்லை என்று இழுத்தடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். மகாபொல கிடைக்காவிட்டால் பெர்சரி என்ற உதவிப்பணம் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

மூன்று பாடமும் பாஸ், ஆனால் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. அடுத்து என்ன செய்வது? (நோர்வுட்)

மூன்று தடவை எழுதலாம் என்பதால் முதல் தடவையோடு மனம் விட வேண்டாம். ஆனால் மூன்றாவது தடவைக்காகவே இரண்டு வருடம் வீட்டில் இருப்பது சரியில்லை. ஆசிரியத் தொழிலில் விருப்பம் இருந்தால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம், அங்கே வெட்டுப்புள்ளி கிடையாது, ஆனால் கட்டணம் உண்டு. தம்பி எந்தப் பிரிவு என்று எழுதவில்லையே? அதைச் சொன்னால் பாடநெறி பற்றித் தனியாகச் சொல்கிறேன்.