கிரேடு 8 முடித்த பிள்ளையும் கிளாடியோ அர்ராவின் 15 வயதும்

பிளஸ் டூ முடிக்கப் போகும் உங்கள் பையன், பியானோ தேர்வுகளில் எட்டாவது நிலையான கிரேடு 8 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு "இன்ஜினியரிங் வேண்டாம், பியானோதான்" என்கிறான். அவனுக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அது பாதிக் கேள்விதான். 17 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவில் யார் செலவைத் தாங்குவது, யார் பாடம் சொல்வது என்பது மீதிக் கேள்வி. பெரும்பாலும் ஆட்டம் காண்பது அங்கேதான்.

சிலி நாட்டுப் பியானோ கலைஞர் கிளாடியோ அர்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் சில்லான் ஊரில் பிறந்தவர். ஒரு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா பியானோ வகுப்பு எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஐந்து வயதில் பையன் மேடை ஏறினான். சிலி அரசு உதவித்தொகை கொடுத்து பெர்லினுக்கு அனுப்பியது. அங்கே முதலில் கிடைத்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. பிறகுதான் ஸ்டெர்ன் கன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளியில் மார்ட்டின் கிரவுசே கிடைத்தார், பியானோ மேதை லிஸ்டிடம் நேரடியாகப் படித்தவர். மேதைப் பிள்ளைக்கே சரியான ஆசிரியர் கிடைக்கக் காலம் பிடித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரவுசே 1918இல் இறந்தபோது அர்ராவுக்கு 15 வயது. வேறு ஆசிரியரை அவர் தேடவே இல்லை. 1919, 1920 இரண்டு வருடமும் லிஸ்ட் பரிசு வாங்கினார். ஆனாலும் 1923-24இல் அமெரிக்கா போன சுற்றுப்பயணம் எடுபடவில்லை. மனம் உடைந்தவர் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குப் போனார். 1920களின் நடுவில் படித்த ஸ்டெர்னிலேயே ஆசிரியர் ஆனார். 1927இல் ஜெனீவா போட்டியில் வென்ற பிறகுதான் பாதை நேரானது. 1935இல் பெர்லினில் இசையமைப்பாளர் பாக்கின் கீபோர்டு படைப்புகளை 12 கச்சேரிகளில் வாசித்துக் காட்டினார். பரிசுக்கும் பிழைப்புக்கும் இடையே இருந்த அந்த ஏழெட்டு வருடத்தில் கைகொடுத்தது பாடம் சொல்லும் வேலை. உங்கள் பையனும் 18 வயதிலேயே இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கட்டும். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம்.

கிரவுசேயின் பயிற்சி முறை இன்றும் செல்லும். கைக்கு வராத நாலு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் பாதி வேகம். அடுத்து அதே சுரங்களை 'நீளம்-குட்டை' தாளத்தில், பிறகு 'குட்டை-நீளம்' என மாற்றி. கடைசியாக அரைச் சுரம் ஏற்றி வேறு ஸ்கேலில். வேறு ஸ்கேலில் தடுமாறினால், விரல் பழக்கத்தில் ஓடுகிறதே தவிர காதுக்கும் மூளைக்கும் பாடம் ஏறவில்லை என்று அர்த்தம். மேடையில் பதற்றம் வந்ததும் முதலில் கைவிடுவது அந்த விரல் பழக்கம்தான். முன்கையில் வலி வந்தால் அன்றைக்கு மூடிவிட வேண்டும். அர்ராவ் விரலை மட்டும் நம்பாமல் தோளிலிருந்து கையின் முழுக் கனத்தையும் இறக்கி வாசித்தவர்.

வீட்டில் 61 கட்டை கீபோர்டு என்றால் முதல் செலவு அதை மாற்றுவது. 88 கட்டை, கனமான கட்டைகள், பாதி அழுத்தமும் உணரும் பெடல் மூன்றும் வேண்டும். லேசான கட்டையில் பழகியவன் தேர்வு அறையின் கிராண்ட் பியானோவில் உட்கார்ந்தால் மெல்லிய சுரங்கள் ஒலிக்கவே ஒலிக்காது.

அர்ராவ் படித்த ஸ்டெர்ன் இன்று பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தோடு கலந்துவிட்டது. ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு, மாதா மாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (blocked account) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இது 2024 செப்டம்பரில் வந்த தொகை, விண்ணப்பிக்கும் நேரத்தில் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வுக்கு வழக்கமாகக் கேட்பது பாக் ஒன்று, செவ்வியல் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படி) ஒன்று, ரொமான்டிக் காலத்து உருப்படி ஒன்று, 20ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தையது ஒன்று, பல இடங்களில் எட்யூடும் (விரல் நுட்பத்துக்கான பயிற்சி உருப்படி) உண்டு. பெரும்பாலும் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். கூடவே தியரி, காதுப் பரிசோதனை. கிரேடு 8 உருப்படிகளை அப்படியே கொண்டுபோனால் போதாது. அங்கே போட்டிக்கு நிற்பவர்கள் முழு சொனாட்டா வாசிப்பார்கள். முதல் சுற்றுக்கு வீடியோ கேட்டால் ஓர் உருப்படி ஒரே டேக்கில், கையும் முகமும் தெரிய, வெட்டு ஒட்டு இல்லாமல் இருக்கட்டும்.

விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே பேராசிரியர் இரண்டு மூன்று பேருக்கு எழுதி ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை விட, வாரா வாரம் அந்த அறையில் எதிரே உட்காரப் போவது யார் என்பதுதான் முக்கியம். ஜெர்மன் மொழியை இன்றே தொடங்குங்கள். எந்த நிலை வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.