41 நாவல்கள்: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்சட்டின் 41 நாவல்கள் கொண்ட ‘டிஸ்க்வேர்ல்ட்’ நகைச்சுவைக் கற்பனை வரிசையில் முதல் நாவலான ‘த கலர் ஒஃப் மஜிக்’கை எடுத்து, அறுபதாம் பக்கத்தோடு மூடிவிட்டேன். என் ஆங்கிலம் போதாதா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஆங்கிலத்தில் குறையில்லை, எடுத்த புத்தகம்தான் பிழை. 1983இல் வந்த அந்த நாவல், அதற்கு முந்திய வாள்-மந்திரக் கதைகளைக் கிண்டலடிப்பது. அவற்றை வாசிக்காதவருக்குப் பாதிச் சிரிப்புத்தான் வரும். போதாததற்கு, கதை அந்தரத்தில் நிற்கும்; மிச்சம் 1986இல் வந்த ‘த லைட் ஃபன்டாஸ்டிக்’கில்.

முன்கூட்டித் தெரியவேண்டியது ஒன்றுதான்: ஆமை முதுகில் நான்கு யானைகள், அவற்றின்மேல் தட்டையான உலகம். ஆதிகூர்மத்தையும் திசை யானைகளையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய புதினமும் அல்ல.

‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) நாவலில் தொடங்குங்கள். அங்க்-மோர்போர்க் நகரின் இராக்காவல் படை, அதன் குடிகாரத் தலைவர் வைம்ஸ், எரிக்க வரும் டிராகன். பிடித்தால் அடுத்தது ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993). வைம்ஸின் சப்பாத்துக் கணக்கு இதில்தான் இருக்கிறது. நல்ல சப்பாத்து 50 டொலர், பத்து வருடம் உழைக்கும். அவர் சம்பளத்துக்குக் கட்டுபடியாவது 10 டொலர்ச் சப்பாத்து. ஒன்றிரண்டு பருவத்தில் அடி பிய்ந்துவிடும். பத்து வருடத்தில் ஏழை 100 டொலர் கொடுத்திருப்பான், கால் மட்டும் காயாது. ஏழ்மை ஏன் செலவு கூடியது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நாவல் குறைவு.

பலரும் புகழ்வதால் ‘நைட் வொட்ச்’சை (2002) முதலில் எடுத்துவிடாதீர்கள். காவல்படை வரிசையில் அது ஆறாவது. வைம்ஸ் தன் இளமைக் காலத்துக்குத் திரும்பிப் போகும் கதை. ஆளைத் தெரியாமல் வாசித்தால் கனம் தெரியாது.

மெல்லிய புத்தகம் வேண்டுமென்றால் ‘மோர்ட்’ (1987). மரணம் ஒரு பையனைத் தொழில் பழகச் சேர்த்துக்கொள்கிறது. மரணத்தின் பேச்சு மேற்கோள்குறி இல்லாமல் பெரிய எழுத்துகளில் வரும். அச்சுப்பிழை என்று எண்ணவேண்டாம். பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிப்பும் கிடையாது, வரி இடைவெளி கண்ட இடத்தில் நிறுத்துங்கள். அடிக்குறிப்புகளைத் தாண்டவே கூடாது, நல்ல பகிடிகள் பல அங்கேதான். கொழும்பு பஸ்ஸில் ஃபோனில் வாசிப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் இடைஞ்சல்: குறிப்பு வேறு பக்கத்தில் போய்த் திறக்கும். அச்சுப் புத்தகமே வசதி.

கேள்வி: பதினொரு வயது மகளுக்கு இவருடைய எந்தப் புத்தகம் சரிவரும்?
– வாசகி, நிலாவெளி

பதில்: ‘தி அமேசிங் மொரிஸ் அன்ட் ஹிஸ் எஜுகேட்டட் ரோடன்ட்ஸ்’ (2001). தனிக்கதை, அத்தியாயங்களும் உண்டு. பேசும் பூனையும் எலிக்கூட்டமும் ஊர் ஊராக ஏமாற்றிப் பிழைக்கிறார்கள். பொருள் புரியுமுன்னே வாசிக்கப் பழகிய எலிகள், தகரப்பேணிகளில் கண்ட சொற்களையே பெயராக வைத்திருக்கின்றன. ஒன்றின் பெயர் ‘பீச்சஸ்’. நடுவில் இருட்டான, பயமூட்டும் பகுதிகள் உண்டு, கூட இருந்து வாசியுங்கள். ‘த வீ ஃப்ரீ மென்’ (2003) பிறகு பார்க்கலாம். அதில் வரும் குட்டி நீல மனிதர்களின் ஸ்கொட்லாந்துக் கொச்சை, பாடசாலை ஆங்கிலத்துக்கு உடனே பிடிபடாது. உரக்க வாசித்தால் கொஞ்சம் இளகும்.