சவன்னாவில் மரம் நடலாமா?

மதிப்புக்குரிய ஐயா,

படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் புவியியல் கற்பிக்கிறேன். சவன்னாப் புல்வெளி என்பது காட்டுக்கும் பாலைவனத்துக்கும் இடைப்பட்ட பிரதேசம், காடு வளரப் போதிய மழை இல்லாத இடம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் கடலோரத்திலும் வாவியோரத்திலும் உள்ள மரமற்ற புல்வெளியைத் தரவை என்போம். அண்மையில் ஒரு மாணவி, "எங்கட தரவையும் சவன்னாவா, ரீச்சர்?" என்று கேட்டாள். மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறதே, பிறகு ஏன் அங்கே காடு இல்லை என்ற அவளுடைய அடுத்த கேள்விக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. இதற்கிடையில் அம்பாறை எல்லைப் பக்கத்தில், ஆவணியில் எரிந்து கருகிக் கிடக்கும் ஒரு புல்மேட்டில், மாரி தொடங்கியதும் மரக்கன்றுகள் நட எமது சுற்றாடல் கழகம் தீர்மானித்திருக்கிறது. சவன்னா என்பது உண்மையில் என்ன? இந்த நடுகை நல்லதுதானா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் மாணவி கேட்ட இரண்டாவது கேள்வியை ஆய்வாளர்களும் நெடுங்காலம் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆபிரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் சவன்னாக்களில், மரங்கள் நெருங்கி வளர முடியாதபடி தடுப்பது நீர்ப்பற்றாக்குறைதான். அந்த அளவில் பாடநூல் சொல்வது சரி. அதற்கு மேல் மழை பெறும் இடங்களில் நிலைமை வேறு. அங்கே காடு வளர நீர் போதும். ஒரே அளவு மழை பெறும் இரு இடங்களில் ஒன்று அடர்காடாகவும் மற்றது சவன்னாவாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். அந்த வேறுபாட்டை உண்டாக்குபவை தீ, மேயும் விலங்கு, மண் ஆகிய மூன்றும்.

சவன்னாவை அடையாளம் காண மரங்களை எண்ண வேண்டியதில்லை. தரையில் விழும் வெயிலைப் பார்த்தால் போதும். மரக்கிளைகள் ஒன்றோடொன்று கூடி மேலே மூடிக்கொள்ளாமல், கீழே புல் இடைவிடாது படர்ந்திருக்கும் நிலம் சவன்னா. அந்தப் புற்களில் பெரும்பாலானவை கடும் வெயிலிலும் வெப்பத்திலும் மிகத் திறமையாக உணவு தயாரிக்கும் வகையைச் சேர்ந்தவை. நிழலில் அவை நலிந்துபோகும். 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி அவை வெப்ப நாடுகளில் பரவின. புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்று சவன்னாவாக இருப்பதற்கு அந்தப் பரவலே அடிப்படை. மரம் மூடிக்கொண்டால் நிழல் விழும், புல் சாகும். புல் செத்தால் தீ பரவ வழியில்லை, தீ இல்லாவிட்டால் மரம் இன்னும் நெருங்கும். மாறாகப் புல் தழைத்தால் கோடையில் அது காய்ந்து எரியும், எரியும்போது இளங்கன்றுகள் உயர முடியாமல் போகும். ஆகவே காடும் சவன்னாவும் தத்தம் நிலையைத் தாமே காத்துக்கொள்கின்றன.

எரிந்த மேட்டைக் கண்டு உங்கள் கழகத்தவர் மனம் வருந்தியிருப்பார்கள் என்று புரிகிறது. நெருப்பு கடந்துபோன பிறகு அங்கே ஒரு மானாப் புல் தூறைக் கையால் விலக்கிப் பாருங்கள். வெளிமடல்கள் கரியாகி உதிரும். அவற்றுக்குள்ளே பழுப்பு நிற மடல்கள் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். அவற்றுக்கும் உள்ளே, மண் மட்டத்தில், வெளிர்பச்சைக் குருத்து ஈரத்தோடு இருக்கும். புல்லின் வளரும் முனை நுனியில் இல்லாமல் அடியில் இருப்பதால், தீயோ மாடோ எடுப்பது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த இலையை மட்டுமே. இலுக்குப் புல் இன்னும் உறுதியானது. அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் ஓடுவதால், மழைக்குக் காத்திராமலே சில நாட்களில் கூரிய முளைகளை மேலே அனுப்பிவிடும். புல்லில் பற்றிய தீ வேகமாகக் கடந்துவிடுவதால், சில அங்குல ஆழத்தில் மண் அதிகம் சூடாவதே இல்லை. பக்கத்தில் முழங்கால் உயர நெல்லிக் கன்று ஒன்று கருகி நின்றால் அதன் அடியையும் பாருங்கள். கரிந்த தண்டுக்குக் கீழிருந்து புதுத் துளிர்கள் வந்திருக்கும். தண்டைவிட வேர் பல மடங்கு தடித்திருக்கும். இப்படி எரிவதும் துளிர்ப்பதுமாகப் பல ஆண்டுகள் வேரில் சேமித்து, இரண்டு தீக்களுக்கு இடையே கிடைக்கும் அவகாசத்தில் தீநாக்கு எட்டாத உயரத்துக்கு ஒரே வீச்சில் எழும் கன்றுதான் அங்கே மரமாகிறது.

இதைப் பார்க்க நீங்கள் ஆபிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1954 ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டுவரும் கல்லோயா தேசியப் பூங்காவிலும், அதனை ஒட்டிய நில்கல மலைச்சாரலிலும் இருப்பது அசல் சவன்னா. தடித்த பட்டையுடைய கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஆகியவை இடைவெளி விட்டு நிற்க, கீழே மானாவும் இலுக்கும் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கும். நம் நாட்டு மருந்துக்கடையில் திரிபலா என்று வாங்கும் மூன்று காய்களும் இந்த ஒரே நிலத்தில் சேர்ந்து காய்ப்பவை. இலங்கையில் வேறெங்கும் எளிதில் காண முடியாத வண்ணக் கவுதாரி ஒன்று இந்தப் புல்லுக்குள்தான் வாழ்கிறது. சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கும் மாதங்களில் கரையோரத்தில் முளைக்கும் இளம்புல்லைத் தேடி யானைகள் வருகின்றன. வேடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீயிட்டு வேட்டையாடியதால்தான் இந்தப் புல்வெளி உண்டானது, ஆகவே இது இயற்கையானதன்று என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அந்த வாதம் பெரிதாகப் படவில்லை. மனிதனும் தீயும் வெப்ப நாட்டுப் புல்வெளிகளில் சேர்ந்து வாழ்ந்த காலம் மிக நீண்டது. அந்தக் கைத்தீயோடு சேர்ந்தே இந்த மரங்களும் புற்களும் பறவைகளும் இன்றைய நிலைக்கு வந்திருக்கின்றன.

மேயும் விலங்கின் பங்கை அறிய தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் 1890களில் கிழக்கு ஆபிரிக்காவின் மாடுகளையும் வில்டபீஸ்ட் மான்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பின்னர் மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றியதும் 1960களில் மான்களிடமிருந்தும் அந்நோய் நீங்கியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970களின் முடிவுக்குள் 13 இலட்சமாகப் பெருகியது. அத்தனை வாய்கள் புல்லைத் தின்றுவிட்டதால் எரிவதற்கு மிஞ்சியது குறைவு; தீ குறைந்தது, மரங்கள் மீண்டும் கூடின. மாட்டுக்குப் போட்ட ஊசி, பல ஆண்டுகளுக்குப் பின் மரமாக நின்றது. 2011 இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இனி உங்கள் தரவை. கடலோரத்திலும் வாவியோரத்திலும் உள்ள தரவையை நான் நில்கலவோடு சேர்க்க மாட்டேன். அங்கே மரத்தைத் தடுப்பது தீயைவிட நீர்தான்: மாரியில் வெள்ளம் தேங்கும், சில இடங்களில் உவர் ஏறும், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் அதே நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த இரட்டை நிலையைத் தாங்கும் மரங்கள் மிகச் சில. வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் பரந்து கிடக்கும் லானோஸ் சவன்னாவும் அப்படித்தான், பாதி ஆண்டு வெள்ளம், பாதி ஆண்டு வறட்சி, நடுவில் மாட்டுப் பண்ணைகள். ஆகவே மாணவியின் கேள்விக்கு, செரெங்கெட்டிக்கு அல்ல, லானோஸுக்குத் தூரத்து உறவு என்று சொல்லுங்கள். பெரும்போகம் விதைத்ததும் நம் பட்டிக்காரர் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோவதும், அறுவடைக்குப் பின் வயல் மேய இறக்குவதும் இந்த நீரின் நடையை அறிந்து அமைந்த வாழ்க்கை. இப்படிப்பட்ட நிலத்தை ஒன்றுக்கும் உதவாத வெறுங்காணி என்று எண்ணுவதால்தான் உழுவதற்கும் நடுவதற்கும் முதலில் அதையே தேர்கிறார்கள் என்பது என் நீண்ட நாள் மனவருத்தம். பிரேசிலின் செராடோ சவன்னாவில் ஏறத்தாழ பாதி அந்த எண்ணத்தால்தான் வயலாகவும் மேய்ச்சற் பண்ணையாகவும் மாறிப்போனது.

நடுகை குறித்து என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அந்த மேட்டில் பலவகைப் புற்களும் மழைக்குப் பின் பூக்கும் சிறு செடிகளும் தடித்த பட்டை மரங்களும் இருந்தால், அங்கே ஒரு கன்றும் நடாதீர்கள். தேக்கையோ யூக்கலிப்டஸையோ நெருக்கி நட்டால் நிழல் விழுந்து புல் போகும், புல்லோடு கவுதாரியும் மானும் போகும். அந்த நிலம் தன் கரிமத்தின் பெரும்பகுதியைத் தீ எட்டாத வேரிலும் மண்ணிலும் ஏற்கெனவே வைத்திருக்கிறது என்பதையும் கழகத்தில் எடுத்துச் சொல்லுங்கள். மாறாக, அது அண்மைக்காலத்தில் காட்டை வெட்டிச் சேனை செய்து கைவிட்ட இடமாக இருந்து, இலுக்கு மட்டுமே படர்ந்திருந்தால் அதைச் சவன்னா என்று காக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகள் தீயைத் தடுத்தாலே காடு தானாகத் திரும்பத் தொடங்கும். எது எதுவென்று அந்தப் பக்கத்துப் பட்டிக்காரரிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் கோடை உச்சியில் தீ வையுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. வட அவுஸ்திரேலியப் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்திலேயே, புல்லில் ஈரம் இருக்கும்போது, சிறுகச் சிறுக எரிப்பதற்குக் காரணம் உச்சக்கோடைத் தீயின் மூர்க்கத்தைத் தவிர்ப்பதே.

சேகரித்த கன்றுகளை வீணாக்க வேண்டாம். மரம் அழிந்துபோன ஆற்றங்கரைகள் உங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அங்கே மருது நடுங்கள். ஐப்பசி மழையின் தொடக்கத்திலேயே நட்டால், கச்சான் வீசத் தொடங்குவதற்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும்.

அன்புடன்.