லீவில் பையனை வேலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: பையன் பத்தாவது பரீட்சை எழுதியிருக்கிறான். வயது பதினைந்து. நானும் அவன் அப்பாவும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். லீவில் சும்மா இருப்பதற்குப் பதிலாக, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட்டில் பிசிர் வெட்ட, அதாவது தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட, போகட்டும் என்கிறார் அவன் அப்பா. அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே லீவு வேலை தருகிறதாமே, நிஜமா?
- ஒரு வாசகி, பெருமாநல்லூர்

பதில்: வேலைக்குப் போகட்டும் கண்ணு, தப்பே இல்லை. பிசிர் வெட்ட மட்டும் வேண்டாம்.

பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் நடத்தும் சோதனைக்கு (பையர் ஆடிட்) பயந்து பதினெட்டு ஆகாதவர்களை எடுப்பதில்லை. சின்ன யூனிட்டில் கேட்க ஆளில்லை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு வேறு. ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு நாள் லீவு.

அதைவிட எனக்குக் கவலை சனிக்கிழமை சம்பளம். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வராத பையன்களின் வீட்டுக்குப் போவேன். பிசிர் வெட்டும் கட்டரைப் பிடித்துப் பிடித்து விரல் காய்த்துப் போயிருக்கும். "இந்த ஒரு மாசம் மட்டும் போறேனுங்க டீச்சர்" என்பான். அடுத்த மாதமும் அதையேதான் சொல்வான். வாரா வாரம் கையில் காசு பார்த்த பிள்ளையை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பது லேசில்லை.

நீங்கள் கேட்டது நிஜம்தான். நியூயார்க் நகரத்தில் 1963 முதல் அப்படி ஒரு திட்டம் நடக்கிறது. கோடையில் 6 வாரம் வேலை. 14 முதல் 24 வயது வரை சேரலாம். கூட்டம் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டும் எடுக்கிறார்கள். சிகாகோவில் 2012இல் இதே மாதிரி வேலைக்குப் போன ஏழைப் பகுதிப் பிள்ளைகளை ஒரு ஆய்வு பின்தொடர்ந்தது. அடுத்த 16 மாதத்தில் அடிதடி வழக்குகளில் அவர்கள் கைதானது, வேலை கிடைக்காத பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவு. அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்துக்கொள்ள ஒரு பெரியவரைப் போட்டிருந்தார்கள். நான் பிடித்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான். நம் ஊராட்சியும் கம்பெனி முதலாளிகளும் சேர்ந்தால் இங்கேயும் செய்யலாம், செய்யத்தான் வேண்டும்.

அதுவரை நீங்களே அந்தப் பெரியவரைத் தேடுங்கள். மே மாதம் யூனிபார்ம் தைக்கும் கடைகளில் மூச்சு விட நேரமிருக்காது. பட்டன் வைக்க, அளவுச் சீட்டு எழுத, துணியைப் பெயர் பார்த்து அடுக்க ஆள் தேவைப்படும். நோட்டுக் கடையிலும் அப்படித்தான். பையனிடம் மரியாதையாகப் பேசும் கடைக்காரர்தானா என்று ஒரு அரைமணி நேரம் நின்று பாருங்கள். எந்தத் தேதியில் வேலையை விட்டு நிற்பான் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் சீட் போட்டாக வேண்டும், அன்றைக்குக் கடைக்கு லீவு. சம்பளத்தை அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அதில் பாதியை அவன் பேரில் தபால் ஆபீஸில் போடுங்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். காலேஜ் திறக்கும்வரை மில் வேலைக்கு அனுப்பச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். ஹாஸ்டல் உண்டாம். மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணமாம்.
- ஒரு வாசகர், கோபி

பதில்: மூன்று வருஷம் என்றால் அது எப்படிங்க லீவு வேலை ஆகும்? கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லித்தான் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேரை மில்லுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எது படித்தாலும் உண்டு. காலேஜில் சேரும்போதே கேளுங்கள். ஏஜென்ட் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.