கான்கிரீட்டை உடைத்து மீட்ட ஆறு

கேள்வி: எங்கள் ஊர் நடுவே ஓடும் ஓடையின் தரையிலும் இரு கரைகளிலும் கான்கிரீட் போட்டால்தான் வெள்ளம் வராது என்கிறார்கள். போட்ட கான்கிரீட்டை எடுத்துவிட்டு, ஆற்றை மீண்டும் இயற்கையாக ஓடவிட்ட நகரம் எங்காவது உண்டா?
- வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: உண்டு. சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டிய காலாங் ஆறும் வெள்ளத்துக்கு அஞ்சியே நேரான கான்கிரீட் கால்வாயாக மாற்றப்பட்டிருந்தது. 2009 முதல் 2012 வரை நடந்த பணியில் 2.7 கிலோமீட்டர் நீளமான அந்தக் கால்வாயை உடைத்தெடுத்து, பூங்காவுக்குள் வளைந்து செல்லும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள்.

கான்கிரீட் கால்வாய் மழைநீரை விரைந்து கடத்தும். ஆனால் அதன் கொள்ளளவை மிஞ்சி வரும் நீருக்குப் போக்கிடம் தராது. புதிய ஆறோ பெருமழை நாளில் ஏறக்குறைய 100 மீட்டர் அகலம் வரை பரவலாம். மற்ற நாட்களில் மக்கள் உலவும் புல்வெளியே அன்று வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது, நீர்மட்டம் உயரும்போது எச்சரிக்கை விளக்குகளும் ஒலிக்கருவிகளும் அவர்களை மேட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. கரை அரிக்காமலிருக்கக் கற்களையும் மரக்கிளைக் கட்டுகளையும் ஆழ வேர்விடும் செடிகளையும் சேர்த்து அமைத்தார்கள். அந்நாட்டு மழைக்கு எந்த முறை தாங்கும் என்பதை முன்கூட்டியே ஒரு சிறு ஓடையில் சோதித்துப் பார்த்த அந்தப் பொறுமையை நம் பொறியாளர்களிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

உயிரினங்கள் தாமாகவே வந்தன. தும்பிகளுக்கும் பறவைகளுக்கும் பின்னர் நீர்நாய்க் குடும்பம் ஒன்றும் அங்கே குடியேறியது. நம் காவிரியில் வாழும் அதே இனம்தான்.

ஆனால் இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, 1977இல், பிரதமர் லீ குவான் யூவின் முனைப்பால் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. கரையோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தன, அவர்கள் கொடுத்த விலையையும் நாம் மறக்கலாகாது. கழிவுநீர் கலந்துகொண்டே இருக்கும் ஓடையின் கரையில் செடி நட்டு நடைபாதை போடுவதை மீட்பு என்று என்னால் ஏற்க முடியாது.

ஆகவே, உங்கள் ஓடையில் கழிவுநீர் எங்கெங்கே கலக்கிறது, அதைத் தடுக்கும் திட்டம் என்ன என்பதை நகராட்சியிடம் முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கின் அகலம் எவ்வளவு, இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதையும் கேட்டுப் பெறுங்கள். கரைக்குக் கான்கிரீட் தவிர்க்க முடியாததென்றே அவர்கள் சொன்னாலும், நிலத்தடிக்கு நீர் இறங்குவதற்காகத் தரையையாவது மண்ணாக விட்டுவைக்கும்படி வலியுறுத்துங்கள்.