ஆத்துத் தண்ணியும் மீன் வயிறும்: கேட்டீங்க, சொல்றேன்

மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கத்து தூண்டில்காரங்க ஆளாளுக்கு கேட்டத ஒண்ணா சேத்து பதில் சொல்றேன். நான் எஸ்டேட் ஸ்டோர் கிராணி, சயன்டிஸ்ட் இல்ல. ஆனா 30 வருசமா பேராக் ஆத்துல தூண்டி போடுறேன், புடிச்ச மீனோட வயித்த கிழிச்சு என்ன தின்னுருக்குன்னு பாக்குற பழக்கமும் இருக்கு, அதுக்கு எங்க வீட்டுக்காரம்மா வச்ச பேர இங்க எழுத முடியாது.

அண்ணே, மழையே இல்ல, ஆனா சாயந்தரம் தண்ணி ஒரு முழம் ஏறுது. எப்படி?

மழை மேல இல்ல தம்பி, எல்லார் வீட்டு ஏர்கோன்ல இருக்கு. மேல தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோன்னு வரிசையா நாலு அணை, செண்டெரோ 1930லயே வந்தது. கரண்ட் தேவை கூடுறப்ப டர்பைன ஓட்டுவாங்க, ஆத்துல தண்ணி ஏறும், தேவை கொறஞ்சா எறங்கும். விட்ட தண்ணி கீழ வந்து சேர நேரம் புடிக்கும், அதனால அணை கிட்ட நிக்கிறவனுக்கு மதியம் ஏறுனா கீழ நிக்கிறவனுக்கு ராத்திரி ஏறும். ஒருத்தன் சொன்ன டைம இன்னொருத்தன் நம்பி போனா வெறும் கைதான்.

ஏறுறப்ப கடிக்குமா எறங்குறப்பவா?

இதுதான் கேள்வி. ஏற ஆரம்பிச்ச மொத அரைமணி ஒருமணி நேரத்த விடாதீங்க. கல்லுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்குற புழு பூச்சியெல்லாம் தண்ணி வேகத்துல பிச்சிக்கிட்டு வரும், கரைல காஞ்சு கெடந்த புல்லுல இருக்குற எறும்பு, வெட்டுக்கிளி, மண்புழு எல்லாம் சேந்து உள்ள விழும், சின்ன மீனுங்க அத தின்ன ஓரத்துக்கு வரும், அதுங்கள தின்ன செபராவ்ங்கிற வேட்டை மீனு பின்னாலயே வரும். ஒரு நாள் ஒரே எடத்துல பாசி மேயுற லம்பாம் மீனு ரெண்டு புடிச்சேன், தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஏறி கொஞ்ச நேரத்துல ஒண்ணு. மொதல்ல வந்தது வயித்துல பச்சையா கொழகொழன்னு பாசி மட்டும்தான். ரெண்டாவத கிழிச்சா செவப்பு எறும்பு, தலை கூட கரையல, எண்ணுனா 40க்கு மேல. அதே மீனு, அதே கல்லு, தண்ணி மட்டும்தான் மாறுச்சு.

முழுசா ஏறி வேகம் புடிச்சிட்டா கடி நின்னுடும். அந்த ஓட்டத்துல நிக்கிறதுக்கே மீனுக்கு சத்து செலவு, அது கல்லுக்கு பின்னால, ஓட்டம் இல்லாத எடத்துல ஒதுங்கிடும். எறங்குறப்ப மெதுவா எறங்குனா பரவால்ல, மடார்னு எறங்குனா சின்ன மீனுங்க கல்லு குழில மாட்டிக்கும், அன்னைக்கு கொக்குக்குத்தான் விருந்து.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே அண்ணே, நல்லதுதானே?

பாக்க நல்லது. சேறு வண்டல் எல்லாம் மேல அணை ஏரியிலயே தங்கிடுது, அதோட சத்தும் தங்கிடுது. தெளிஞ்ச தண்ணில வெயில் அடி வரைக்கும் போயி கல்லுல பாசி நல்லா புடிக்கும்தான், ஆனா ஓரத்து கல்லு தெனமும் நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு கெடந்தா பாசி எப்படி நிலைக்கும்? கரைல வெள்ளையா பொருக்கு தட்டி உரியுது பாருங்க, அது லம்பாமோட சாப்பாட்டுத் தட்டு. இன்னொண்ணு, ஆழமான ஏரியோட அடித்தண்ணி ஜில்லுன்னு இருக்கும், ஆக்சிஜனும் கம்மி. அந்தத் தண்ணி வந்தா மீனு சோம்பிப் போயிடும், தின்னா செரிக்கவும் ஆக்சிஜன் வேணுமே.

தம்பி, அந்தக் காலத்துல வெள்ளம் வந்தா லோமா மீனு கூட்டம் கூட்டமா மேல ஏறும், பெக்காசாம் (உப்பும் வறுத்த அரிசியும் போட்டு புளிக்க வைக்கிற மீனு) போட்டு தீராது. இப்ப எங்க போச்சு?

ஐயா, ஒரே காரணம் சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வலை ஜாஸ்தி, மணல் தோண்டுறாங்க, எல்லாம் சேந்ததுதான். ஆனா லோமா மாதிரி மீனுக்கு வருசக் கடைசி பெரிய வெள்ளம்தான் சிக்னல். வெள்ளம் கரைய தாண்டி காட்டுக்குள்ள போனாத்தான் அங்க நுண்ணுயிர் பெருகும், குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். அணை வெள்ளத்த புடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா தெனமும் விடுது, ஊருக்கு அது நல்லது, நம்ம வீடு முழுகல. மீனுக்கு என்னான்னா, வருசத்துக்கு ஒரு தடவ வர்ற பொங்கல் சோறு போயி தெனமும் ரெண்டு வாய் கஞ்சி. அணை குறுக்க நிக்கிறதால மேல போற வழியும் இல்ல.

அண்ணா, ஏரி மீன் வாங்குனா சேத்து வாடை அடிக்குது, ஏன்?

தங்கச்சி, அது சேறு இல்ல. ஓடாத தண்ணில சில பாசியும் பாக்டீரியாவும் உண்டாக்குற ஒரு பொருள், மீனு கொழுப்புல ஏறிடும். உயிரோட நல்ல தண்ணில சில நாள் விட்டா கொறையும், இல்லன்னா புளித்தண்ணில ஊற வச்சு கழுவுங்க.

செம்பனைப் பழம் இரைக்கு ஆகுமா?

கெலா, ஜெலாவாட், பாத்தின்னு மூணு மீனுக்கும் ஆகும். ஆத்தோரத்து மரத்துப் பழம் விழ விழ தின்னு பழகுன மீனுங்க. நல்லா பழுத்தத போடுங்க, எஸ்டேட்ல உதிந்தத கேட்டு எடுங்க, என் ஸ்டோர் பக்கம் மட்டும் வந்துடாதீங்க.

எஸ்டேட் கான்ல (வாய்க்கால்ல) ஹாருவான் மீனுக்கும் இந்த தண்ணி ஏத்த எறக்கமெல்லாம் பாக்கணுமா?

வேணாம். அது மேல வந்து காத்து குடிக்கிற விரால் ஜாதி, தவளைய காட்டுனா போதும்.

தண்ணி தொறக்கப் போறாங்கன்னு அணை சைரன் அடிச்சா எவ்வளவு நேரம் இருக்கு?

கணக்கு பாக்காதீங்க, கரைக்கு ஏறிடுங்க, நடுக்கல்லுல நின்னா இன்னும் சீக்கிரம். நான் ஒரு தடவ நாசி லெமாக் பொட்டலத்த முடிச்சிட்டு போலாம்னு உக்காந்தேன், கால் நனைஞ்சப்பத்தான் எந்திரிச்சேன், கரைக்கு வந்து திரும்பிப் பாத்தா நான் உக்காந்த கல்லையே காணோம். ரீல் பெட்டி இந்நேரம் தெலுக் இந்தான் தாண்டி கடலுக்கே போயிருக்கும்.